இரண்டு நாளில் பதினான்கு இடங்கள்

ராஜபாளையம்,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள பானு,

காதைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம்.

நேற்று நீ போனில் பேசியபோது நான் "சரி, சரி" என்று சொன்னதில் பாதி, கேட்காமல் சொன்னது. நீ ஏதோ கேட்டாய், நான் சரி என்றேன், நீ பட்டென்று வைத்துவிட்டாய். பக்கத்துக் கட்டில் பெண் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாளாம். "யக்கா, அது சாப்பிட்டியான்னு கேக்கல. எதுக்குக் கத்துறன்னு கேட்டுச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். போனில் எழுதி அனுப்பலாமென்றால், ஹாஸ்டலில் அது வார்டன் பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் கைக்கு வரும். அதனால் இனி கடிதம்.

போன வாரம் மில்லில் காது பார்க்கிற முகாம் வைத்தார்கள். ஸ்பின்னிங்கில் பத்து வருஷத்துக்குமேல் நிற்கிறவர்களைத் தனி வரிசையில் நிறுத்தினார்கள். நான் பதினாலு வருஷம். டாக்டர் சின்ன வயசுக்காரர். "இன்னும் ரெண்டு வருஷம் இந்த ஷெட்லயே நின்னீங்கன்னா மிச்சம் இருக்கறதும் போயிரும்மா" என்றார். நான் சரி என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

ஜுலைகாவை உனக்கு ஞாபகம் இருக்கும். என்னோடு எட்டு வருஷம் ஒரே ஷிப்டில் நின்றவள். இப்போது உன் ஊரில், உப்பலில் ஒரு தையல் கம்பெனியில் லைன் பார்த்துக்கொள்கிறாள். மிஷின் சத்தம் இங்கே உள்ளதில் கால்வாசிகூட இல்லை என்கிறாள். நான் வந்தால் வேலை உண்டாம்.

அதனால் உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. நான் ஹைதராபாத் வந்தால் உன்னோடு இருக்கலாமா? அம்மா போன பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் பத்து நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததில்லை.

பதிலைக் கடிதத்தில் எழுதாதே. மார்ச்சில் லீவு கேட்டிருக்கிறேன். வந்து ஊரைப் பார்க்கிறேன். நீ கம்பெனிக்காக எழுதுகிற இடங்களையெல்லாம் காட்டு. அப்புறம் எங்கேயாவது உட்கார்ந்து பேசுவோம்.

அக்கா
கிரிஜா


தார்நாகா, ஹைதராபாத்,
9 பிப்ரவரி 2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. மார்ச் 8, 9 சனி ஞாயிறாக வருகிறது, சனிக்கிழமைக்கு மட்டும் லீவு போட்டால் போதும், எனக்கு வசதி. வெள்ளிக்கிழமை வந்துவிடாதே, சாலார்ஜங் மியூசியம் மூடியிருக்கும். அட்டவணையை மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனிலிருந்து நேராக சார்மினார். வெயில் ஏறுவதற்குமுன் மேலே ஏறிவிட வேண்டும். அதன் அடிவாரத்திலேயே லாட் பஜார், வளையல் கடைகள். பக்கத்தில் மெக்கா மசூதி, அடுத்து சௌமஹல்லா அரண்மனை. இரானி டீயும் பிஸ்கட்டும் போகிற வழியில் நின்றபடியே. பதினொன்றரைக்குள் மியூசியத்துக்குள் நுழைந்துவிட்டால் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடிகாரத்தைப் பார்க்கலாம்: ஒரு சின்னப் பொம்மை வெளியே வந்து மணி அடித்துவிட்டுப் போகும், அதற்காக ஒரு கூட்டமே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும். மூன்று மணிக்கு கோல்கொண்டா. நுழைவாயிலில் நின்று கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும். பக்கத்திலேயே குதுப் ஷாஹி கல்லறைகள். ஞாயிற்றுக்கிழமை பிர்லா மந்திர், கோளரங்கம், ஷில்பாராமம், டேங்க் பண்ட் சிலைகள், நெக்லஸ் ரோடு. கடைசியில் லும்பினி பூங்காவிலிருந்து படகில் ஏறி ஹுசேன் சாகர் நடுவில் நிற்கும் புத்தர். டீக்கடையைத் தவிர்த்துப் பதினான்கு இடங்கள்.

இவற்றில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்று சொன்னால் சிரிப்பாய். 'ஹைதராபாத்தில் தவறவிடக்கூடாத இருபது' என்று எங்கள் சுற்றுலா இணையதளத்தில் உள்ள பக்கத்தைத் தமிழில் எழுதியவள் நான்தான். இரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த ஹைதராபாத், ஹாஸ்டலிலிருந்து மெட்ரோ, மெட்ரோவிலிருந்து ஆபீஸ். மற்றதெல்லாம் பிறர் எழுதியதைப் படித்துப் படித்து எழுதியது. அந்தப் படகைப் பற்றி எழுதியது மட்டும் ஐந்து தடவை திரும்பி வந்துவிட்டது. எங்கள் டீம் லீடர் வித்யாலட்சுமி மேடம் தமிழ்க்காரர்தான். நாலு தலைமுறையாக செகந்திராபாத், தமிழோடு இந்த ஊர் உருதுவும் கலந்து வரும். "பானு, இதுல தண்ணி வாசனையே வரல. நீ போட்ல போயிருக்கியா, நக்கோவா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். போயிருக்கிறேன் மேடம் என்றேன். வேறென்ன சொல்வது?

வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. குடை கொண்டு வா.

பானு


ராஜபாளையம்,
17 பிப்ரவரி 2025

பானு,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். பதிலை எழுதாதே என்று நான்தான் சொன்னேன், சரி. ஆனால் காது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். குடையைப் பற்றி எழுதுகிறாய்.

பதினான்கு இடம்! எங்கள் மில்லில் நிறைந்த பாபினைக் கழற்றிக் காலி பாபினை மாட்டுகிற பெண்கள் இப்படித்தான் ஓடுவார்கள், நின்றால் மேஸ்திரி விசில் ஊதுவார். ஊர் சுற்றுவதிலும் அப்படியா? எனக்கு இதில் பாதி போதும். புத்தரைப் பார்க்க வேண்டும், அந்த மணி அடிக்கிற பொம்மையைப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். பதினைந்தாவதாக ஒன்று சேர்த்துக்கொள். உன் ரூம்.

மதுரையில் ஏறுவதற்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. திங்கள் மாலை திரும்புகிறேன்.

கிரிஜா


தார்நாகா,
25 பிப்ரவரி 2025

அக்கா,

அட்டவணையில் இனி எதையும் மாற்ற முடியாது. ஒன்றைத் தொட்டால் பஸ் நேரமெல்லாம் குலைந்துபோகும்.

ரூமுக்கு வெளியாட்களை விடமாட்டார்கள். ஹாஸ்டல் விதி. ஸ்டேஷன் பக்கத்தில் சுத்தமான லாட்ஜ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், நானும் அங்கேயே உன்னோடு தங்குகிறேன்.

இன்னொன்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வெளியிடங்களில் கொஞ்சம் மெதுவாகப் பேசு. உன் குரல் உனக்கே தெரிவதில்லை. பிர்லா மந்திரில் அமைதி கெடக்கூடாது என்று மணிகூட வைக்கவில்லை. பொங்கலுக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொள். மில் பெயர் போட்ட அந்த மஞ்சள் பை வேண்டாம். நான் இங்கே ஒரு பை வாங்கி வைக்கிறேன்.

காது எப்படி இருக்கிறது?

பானு


ராஜபாளையம்,
17 மார்ச் 2025

பானு,

வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. ஷிப்டுக்குப் போகிறேன், வருகிறேன். எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. இன்று எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ காட்டியது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சார்மினார் அழகு. மியூசியத்தில் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பொம்மை வந்து அடித்தது, எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் பொம்மையைப் பார்த்தேன், நீ உன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். கோல்கொண்டா வாசலில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன். மில்காரி கை, ஓங்கித்தான் தட்டும். ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது, நல்ல சிரிப்புத்தான். திரும்பினால் நீ இருபதடி முன்னால் போய்க்கொண்டிருந்தாய், யாருடனோ வந்தவள் மாதிரி.

பஸ்ஸில் அந்த மாநிலப் பெண்களுக்குக் காசு கிடையாதாம், கண்டக்டர் உன் ஆதாரைப் பார்த்து ஜீரோ டிக்கெட் கொடுத்தார். என்னுடையதைப் பார்த்துவிட்டு, "தமிழ்நாடு கார்டு... டிக்கெட் தீஸ்கோவாலம்மா" என்றார். நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டேன். அதில் எனக்கு ஒன்றுமில்லை. உன் கார்டில் நம் ஊர் போய், தார்நாகா வந்திருக்கிறது. எப்போது மாற்றினாய்? பழையது அம்மா இருந்த வீட்டு முகவரி. இப்போது அந்த முகவரியில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், அதுவும் கார்டில் மட்டும். கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நெக்லஸ் ரோட்டில் காலியாக ஒரு பெஞ்சு இருந்தது. காற்று வந்தது, எதிரில் தண்ணீர். "கொஞ்சம் உக்காருவமா புள்ள?" என்றேன். "போட் க்யூ பெருசாயிரும், வா" என்றாய். அதற்குமுன் கேட்டபோது பஸ் போயிரும் என்றாய். அதற்குமுன் கோளரங்கத்தில் ஷோ ஆரம்பிச்சிரும் என்றாய். இரண்டு நாளில் நான் உட்கார்ந்தது பஸ்ஸிலும் கோளரங்க இருட்டிலும் மட்டும்தான்.

படகுத் துறையில் வரிசையில் நின்றோம். நான் இரண்டு எட்டு தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் சுடிதார் போட்ட அம்மா ஒருவர் உன் தோளைத் தட்டினார். உன் மேடம்.

"ஏய் பானு! நீ இங்கயா? சொல்லவே இல்ல!"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"யாரு, கூட?"

"ஊர்க்காரங்க மேடம். சும்மா சுத்திப் பாக்க வந்தாங்க."

"ஹவ்வா? உங்க அக்கா வராங்கன்னு லீவு ஃபார்ம்ல எழுதியிருந்தியே? டெக்ஸ்டைல்ல ஆபீஸர்?"

"அவ வரல மேடம். அவளுக்கு லீவு கிடைக்கல."

குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாய். எனக்குக் கேட்காது என்று. கேட்கவில்லைதான். பானு, நான் பதினாலு வருஷம் நிற்கிற ஷெட்டில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. அங்கே நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறோம். இரண்டு மிஷின் தள்ளி நிற்கிறவள் தன் மாமியாரை என்ன திட்டுகிறாள் என்று வரி தப்பாமல் சொல்லிவிடுவேன். அந்த மேடம் சொன்னது முழுக்கத் தெரிந்தது. நீ சொன்னது இன்னும் நன்றாகத் தெரிந்தது. பயந்தால் நீ வார்த்தை வார்த்தையாகப் பிரித்துச் சொல்வாய், சின்னதிலிருந்தே.

அப்புறம் படகில் ஏறினோம். புத்தர் பெரிதாக இருந்தார். வேறொன்றும் ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை நீ ஆபீஸ் போனதும் நான் லாட்ஜில் படுத்துக்கிடக்கவில்லை. உப்பல் போனேன். நம் ஊரில் பாதிப்பேர் வீட்டில் பேசுவது தெலுங்குதானே. மில்லில் பார்த்துப் பழகிய தெலுங்கு போதுமாக இருந்தது. ஜுலைகா கம்பெனியைச் சுற்றிக் காட்டினாள். வருகிற வழியில் தார்நாகாவில் இறங்கி, உன் கடித உறையைக் காட்டிக் கேட்டு ஹாஸ்டலைக் கண்டுபிடித்தேன். கேட்டில் சுபாஸ்ரீ என்று ஒரு பெண் நின்றாள், தஞ்சாவூர்ப்பக்கமாம். இங்கே வெளியாட்கள் தங்கலாமா என்று கேட்டேன். "கெஸ்ட்டாக்கா? ரெண்டு நாள் தாராளமா தங்கலாம். வார்டன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். யாரப் பாக்கணும்?" என்றாள். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் நீ ஸ்டேஷனுக்குப் பழமும் பிஸ்கட்டும் வாங்கி வந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கத்தியிருப்பேன். பிளாட்பாரத்தில் உனக்கு அவமானமாகியிருக்கும்.

நான் கேட்க வந்தது என்னவென்று உனக்குத் தெரியும். கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது.

கிரிஜா


தார்நாகா,
23 மார்ச் 2025

அக்கா,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குமுன் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நீ எழுதியது எல்லாம் நடந்தது. ஒன்றையும் மறுக்கவில்லை. அதற்காக நான் பேசாமல் தலைகுனிந்து நிற்பேன் என்று நினைக்காதே. எனக்கும் சொல்ல இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தியின் அப்பா பேங்க் மேனேஜர். ரஞ்சன் என்று ஒருவர், அவர் அண்ணன் அமெரிக்காவில். என் முறை வந்தது. "அக்கா டெக்ஸ்டைல்ல இருக்காங்க" என்றேன். அது பொய்யில்லை. "ஓ, மேனேஜ்மெண்ட்டா?" என்று யாரோ கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அதற்குமேல் அவர்களே கட்டிக்கொண்டார்கள், நான் இரண்டு வருடமாக அதற்குச் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உன்னைப் பார்த்து எனக்கு வெட்கம் என்று நீ நினைக்கிறாய். அது பாதி. மீதியையும் எழுதிவிடுகிறேன். நான் யுனிவர்சிட்டியில் மூன்றாவது ராங்க் வாங்கியபோது நம் தெருவில் ஒருவரும் என்னைப் பார்த்து நல்லாப் படிச்சே என்று சொல்லவில்லை. "அக்காக்காரி நல்லாப் படிக்க வச்சுட்டா" என்றார்கள். எல்லோரும். பெரியம்மா, பால்காரர், ரேஷன் கடை மணிவண்ணன்கூட. நான் விடிய விடியப் படித்தது யாருக்கும் தெரியவில்லை, நீ விடிய விடிய மிஷினில் நின்றது எல்லோருக்கும் தெரிந்தது. இங்கே வந்த பிறகுதான் நான் வெறும் பானு. நீ வந்து என்னோடு இருந்தால் இங்கேயும் அது ஆரம்பித்துவிடும் என்று பயந்தேன். இதை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன். ஆனால் இதுதான் இருந்தது.

பதினான்கு இடம் ஏன் என்று இப்போதாவது தெரிகிறதா? பெஞ்சில் உட்கார்ந்தால் நீ கேட்டுவிடுவாய். கேட்டால் எனக்குச் சரி என்று சொல்லவும் வராது, இல்லை என்று சொல்லவும் வராது. அதனால் ஓட வைத்தேன். நானும்தான் ஓடினேன். எனக்கும் அந்த ஊர் ஒன்றும் கண்ணில் படவில்லை, அக்கா. நான் எழுதின இடத்தையெல்லாம் முதல்தடவையாகப் பார்த்தேன், அப்படியும் பார்க்கவில்லை.

ஆதார் டிசம்பரில் மாற்றியது. ஹாஸ்டலில் எல்லாப் பெண்களும் பஸ்ஸுக்காக மாற்றினார்கள், நானும் போனேன். அம்மாவின் முகவரி என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஹாஸ்டல் வாசல்வரை வந்து திரும்பினாய். சுபாஸ்ரீ என் ரூம்காரிதான். "நம்ம பக்கத்து அக்கா ஒருத்தங்க வழி தெரியாம வந்தாங்கடி, கணீர்னு குரல்" என்று அன்றைக்கு ராத்திரி சொன்னாள். நான் அப்படியா என்று கேட்டுவிட்டு முகத்தைக் கழுவப் போனேன்.

ஹப்சிகூடாவில் ஒரு அறை வீடு பார்க்கிறேன். நீ வா.

பானு


ராஜபாளையம்,
3 ஏப்ரல் 2025

பானு,

வீடு பார்க்காதே.

தெருவில் சொன்னதற்கெல்லாம் என்னிடம் கணக்குக் கேட்காதே. நான் யாரிடமும் போய் நான்தான் படிக்க வைத்தேன் என்று சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். உன்னைக் காலேஜில் சேர்த்த அன்று, அந்த ஆபீஸ் கிளார்க்கிடம். பெருமையில் சொன்னது. அவர் எழுந்து நின்றார். நீ பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கூச்சம் என்று நினைத்தேன்.

மூன்றாவது ராங்க் வாங்கினாய், நீதான் வாங்கினாய். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சேலை எடுத்துக் கொடுத்தேன், சொல்லவில்லை.

அதற்காக மற்றது சரியாகிவிடாது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாயே, அந்த லீவுக்கு நான் யார் யாரிடம் நின்றேன் தெரியுமா?

மில்லில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் 21 உப்பலில் சேர்கிறேன். கம்பெனி ஹாஸ்டல், ஜுலைகா இருக்கிற ரூமிலேயே ஒரு கட்டில். ஸ்டேஷனுக்கு வராதே. வந்தால் பேச வேண்டியிருக்கும், எனக்கு இன்னும் பேச வரவில்லை.

கிரிஜா


தார்நாகா,
27 ஏப்ரல் 2025

அக்கா,

மெட்ரோவில் நாலு ஸ்டேஷன் தூரத்துக்குத் தபால் எழுதிக்கொண்டிருக்கிறேன். முகவரி எழுதி வைத்த உறையைப் பார்த்துவிட்டு, நடந்தே போய்க் கொடுத்துவிடலாமே என்றாள் சுபாஸ்ரீ.

போயும் பார்த்தேன். இன்று காலை பத்து மணிக்கு உன் ஹாஸ்டல் கேட்டுக்கு வந்தேன். செக்யூரிட்டிக்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா என்றேன். பின்னால் லாரி திரும்பிக்கொண்டிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை. "அக்கா! கிரிஜா! எங்க அக்கா!" என்று கத்தினேன். டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனில், கிரிஜாவின் செல்லெலு, தங்கை, வந்திருக்கிறாள் என்று தெலுங்கில் சொன்னார். உள்ளேயிருந்து என்ன சொன்னார்களோ, நீ தூங்குகிறாய் என்றார். பன்னிரண்டரைவரை எதிர் பஸ் ஸ்டாப்பில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். பகலில் உனக்குத் தூக்கம் வராது என்று எனக்குத் தெரியாதா? கோபம் இருந்தால் வெளியே வந்து திட்டியிருக்கலாம்.

வித்யாலட்சுமி மேடத்திடம் புதன்கிழமை சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போதே. "போட்ல பாத்தீங்களே மேடம், அவங்கதான் எங்க அக்கா. ஆபீஸர் இல்ல. மில்லுல ஸ்பின்னிங்."

மேடம் தன் டப்பாவைத் தள்ளி வைத்தார். அப்புறம், "கைக்கு பொய் சொன்னே?" என்றார், ஏன் என்பதற்கு இங்கே அப்படித்தான். "எங்க தாத்தா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல முப்பது வருஷம் ரிவெட் அடிச்சவர். ரெண்டு காதும் டமாரம். அவர் லாலாகுடால காப்பி கேட்டா ரெண்டு மைல் தள்ளி மௌலாலில பால் காய்ச்சுவாங்க. அந்தக் குவாட்டர்ஸ்ல பொறந்து வளந்தவ நான். மில்லுன்னு சொன்னா மூஞ்சியத் திருப்பிக்குவேன்னா நெனச்சே?" என்றார்.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மேடத்துக்கு உண்மையிலேயே கோபம். அன்றிலிருந்து வேலை விஷயம் தவிர என்னோடு பேசுவதில்லை. இரண்டு வருடமாக நான் எதைக் கண்டு பயந்தேனோ அது அங்கே இருக்கவே இல்லை. இருப்பதாக நினைத்து இப்போது அவரையும் இழந்து நிற்கிறேன்.

ஹப்சிகூடா வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். நான் அடுத்த ஞாயிறும் வருவேன். நீ தூங்கினாலும் வருவேன்.

பானு


உப்பல்,
1 மே 2025

பானு,

நான் தூங்கத்தான் செய்தேன். இங்கே சத்தம் குறைவு, வந்ததிலிருந்து நேரங்காலம் இல்லாமல் தூக்கம் வருகிறது. கேட்டிலிருந்து போன் வந்தபோது ஜுலைகா என்னைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாளாம். இல்லாத கோபத்தையெல்லாம் என் தலையில் ஏற்றாதே. இருக்கிற கோபமே போதும்.

இருக்கிறதைச் சொல்கிறேன். நீ வெயிலில் உட்கார்ந்திருந்தாய் என்று படித்ததும் பாவமாக இருந்தது. அடுத்த வரியிலேயே, இருக்கட்டும், உட்காரட்டும் என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது. இது எத்தனை நாளைக்கு இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. உன் மேடத்துக்கும் அப்படித்தான் இருக்கும். அவரைத் தொந்தரவு செய்யாதே.

உன்னோடு இருக்கலாமா என்று கேட்டேனல்லவா, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. இந்தக் கட்டில் எனக்குப் பிடித்திருக்கிறது. நீ உன் இடத்தில் வெறும் பானுவாக இரு. நானும் இங்கே வெறும் கிரிஜாவாக இருந்து பார்க்கிறேன், பதினாலு வருஷத்துக்கு அப்புறம்.

ஆனால் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு நீ வர வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பெண்கள் இந்த ஊரில் பொறுப்பாளர் என்று ஒருவரைக் காட்ட வேண்டும். லோக்கல் கார்டியன். காய்ச்சல், விபத்து என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். ஜுலைகாவின் சித்தப்பா இங்கேதான் இருக்கிறார், அவரே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பத்து நாளாக அந்த ஃபாரத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உன் பெயரை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வா. வார்டன் ஆந்திராக்கார அம்மா, கண்டிப்பானவர். ஹாலில் பெண்கள் எல்லோரும் சாப்பிடுகிற நேரத்தில்தான் மேஜை போட்டு உட்காருவார். இவங்க உனக்கு யாரு என்று உன்னிடம் கேட்பார். நான் பக்கத்தில் நிற்பேன், உன் வாயைப் பார்க்க மாட்டேன்.

சத்தமாகச் சொல். எனக்குக் கேட்க வேண்டும்.

அக்கா
கிரிஜா